0.3 ஒட்டுறவு மட்டுமே உள்ள உளவியல் சோதனையை வைத்து ஆள் எடுப்பதில் பயன் உண்டா?

சோதனை மதிப்பெண்ணுக்கும் பிற்பாடு வேலையில் காட்டும் திறமைக்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.3 என்றால், அதன் வர்க்கப்படி ஆளுக்கு ஆள் உள்ள திறமை வேறுபாட்டில் வெறும் 9 விழுக்காட்டைத்தானே விளக்குகிறது, பிறகு எதற்கு அந்தச் சோதனை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள் தேர்வுப் பணிக்கு வந்த புதிதில் நானும் இதே கணக்கைப் போட்டுச் சோதனைகளை ஒதுக்கினேன். அது தவறான கணக்கு.

ஆள் எடுப்பவர் அறிய வேண்டியது ஒன்றுதான்: சோதனை இல்லாமல் எடுத்தால் எத்தனை பேர் வேலையில் தேறுவார்கள், வைத்து எடுத்தால் எத்தனை பேர்? டெய்லர், ரசல் என்ற ஆய்வாளர்கள் 1939இலேயே இதற்கு அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் நூற்றுக்கு 50 பேர் தேறுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒருவரை மட்டும் எடுக்கும் இடத்தில் அந்த 0.3 சோதனை 50ஐ ஏறத்தாழ 71 ஆக்கிவிடும். பத்தில் ஒன்பது பேரை எடுத்தே ஆக வேண்டிய இடத்தில் 52தான். அங்கே 0.5 ஒட்டுறவு உள்ள சோதனையைக் கொண்டுவந்தாலும் 54ஐத் தாண்டாது. யாரை எடுத்தாலும் 95 பேர் தேறிவிடும் எளிய வேலை என்றால் சோதனை கூட்டித் தர மிஞ்சுவதே 5 பேர்தான்.

நான் இருந்த ஓரிடத்தில், வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரையும் சேர்த்துக்கொண்டிருந்தோம். ஆனாலும் ஒவ்வொருவரையும் இரண்டு மணி நேரம் சோதனை எழுத வைத்தோம். அந்த உழைப்பை இன்னும் அதிகம் பேரை விண்ணப்பிக்க வைப்பதில் செலவிடலாம் என்று வாதாடி அதை நிறுத்தினேன். சோதனை மட்டமானது என்பதால் அல்ல, அந்த இடத்தில் அதற்கு வேலையே இல்லை என்பதால்.

சோதனையை விற்க வருபவர் காட்டும் எண் எந்த ஆண்டு ஆய்வினுடையது என்றும் கேளுங்கள். பொது அறிவாற்றல் சோதனைக்கு 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற ஆய்வாளர்கள் தந்த ஒட்டுறவு 0.51. சாக்கெட்டும் உடன் ஆய்ந்தவர்களும் 2022இல் கணக்கிட்டபோது அது 0.31 ஆனது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணலுக்கு அவர்கள் தந்தது 0.42. சோதனை வாங்கப் பணமில்லையே என்று வருந்துபவர்கள் முதலில் தங்கள் நேர்காணலை ஒழுங்குபடுத்தலாம்.

இந்தக் கணக்கில் என்னை உறுத்துவது வேறொன்று. நூறு பேரில் பத்துப் பேரை எடுத்த அதே எடுத்துக்காட்டில், திருப்பி அனுப்பப்பட்ட 90 பேரில் ஏறத்தாழ 43 பேர் அந்த வேலையை நன்றாகவே செய்திருப்பார்கள். இடமே பத்துதான் என்பதால் குறையே இல்லாத சோதனை கூட அவர்களில் 40 பேரைத் திருப்பி அனுப்பத்தான் செய்யும். ஆனால் இடமில்லை என்று திருப்பி அனுப்பும் கடிதத்தைக் கையில் வாங்குபவருக்கு இது எப்படித் தெரியும்? தனக்குத் தகுதி இல்லை என்றுதானே நினைப்பார்? இதை உணர்ந்த பிறகு அந்தக் கடிதங்களில் "தகுதி பெறவில்லை" என்ற சொற்களை நான் எழுதுவதில்லை. இடங்கள் எத்தனை, விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் எழுதுகிறேன்.