தொண்டையைக் கட்டியது பாட்டு அல்ல

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. 10 வருடம் கர்நாடக சங்கீதம் கற்றேன். இந்தப் பங்குனியிலிருந்து விடிய விடிய நடக்கும் இசை நாடகங்களான ஸ்பெஷல் நாடகங்களில் ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேடம்) போடுகிறேன். தொடர்ந்து மூன்று இரவு வள்ளி திருமணத்தில் வள்ளியாக நின்றேன். நான்காம் நாள் காலையில் பேச்சே எழவில்லை. நாடகப் பாட்டு சாரீரத்தைக் கெடுத்துவிடும் என்று என் பாட்டு டீச்சர் திட்டுகிறார். கே.பி. சுந்தராம்பாள், டி.பி. ராஜலட்சுமி போல நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போக இன்றும் வழி இருக்கிறதா? வெளிநாட்டில் போய் இசை நாடகம் படிப்பது உதவுமா? என் பலம் பாட்டுதான். வசனம் தானாக வந்துவிடுகிறது. ‘நாடகக்காரி’ என்ற பேச்சு வீட்டில் வேறு.

ர.

அன்புள்ள ர.,

‘வசனம் தானாக வந்துவிடுகிறது’ என்று எழுதாமல் இருந்திருந்தால் இரண்டு வரியில் பதில் அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். தானாக வந்த அந்த வசனம்தான் அம்மா, உங்கள் தொண்டையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறது. பாட்டின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் டீச்சரும் போட வேண்டாம்.

சினிமாவை முதலில் முடித்துவிடுகிறேன். 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்தபோது டி.பி. ராஜலட்சுமியைக் கூப்பிட்டார்கள் என்றால், அன்று நடிப்பவரே பாட வேண்டும், அதுவும் படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே. அப்படிப் பாடத் தெரிந்தவர்கள் மேடையில்தான் இருந்தார்கள். பின்னணிப் பாடல் முறை நிலைபெற்றதும் அந்தத் தேவை போயிற்று. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்றான பிறகு, இரண்டும் ஒன்றாக உள்ளவரைத் தேடி எவரும் நாடகக்காரர்கள் இருக்கும் மதுரைக்கோ புதுக்கோட்டைக்கோ வர மாட்டார்கள். சுந்தராம்பாள் விதிவிலக்கு. 1935இல் ‘நந்தனார்’, 1953இல் ‘ஔவையார்’, 1964இல் ‘பூம்புகார்’, 1965இல் ‘திருவிளையாடல்’ என்று முப்பது ஆண்டுகள் அவரை அவர் குரலோடு சேர்த்தே அழைத்தார்கள். ‘துணைவன்’ படத்துக்காகப் பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும் வந்தது. அந்தக் குரல் எப்படி அவ்வளவு காலம் நின்றது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் சொல்லத்தான் போகிறேன்.

வெளிநாட்டுப் படிப்பு: பணமும் ஆசையும் இருந்தால் போங்கள். வள்ளிக்கு அங்கே பாடம் இல்லை. வீட்டுப் பேச்சு: சுந்தராம்பாள் 1951இல் சட்ட மேலவைக்குப் போனார், 1970இல் பத்மஸ்ரீ வாங்கினார். பேசியவர்கள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

இனி தொண்டைக்கு வருவோம்.

வள்ளி திருமணத்தில் ஸ்திரீபார்ட்டின் வேலை என்ன என்று என்றைக்காவது உட்கார்ந்து கணக்குப் பார்த்தீர்களா? பபூனும் (கோமாளி) டான்ஸும் முடிந்து நீங்கள் வரும்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும். தினைப்புனத்தில் பறவை விரட்டும் ஆலோலம் பாடி முடித்ததும் நாரதர் வருகிறார், தர்க்கம், அதாவது பாட்டும் பேச்சுமாக வாதம். அவர் போனதும் வேலன், அதாவது முருகன், வருகிறார், மறுபடி தர்க்கம். வேடனாக, விருத்தனாக, விடியும்வரை. நாரதர் தன் பங்கு முடிந்ததும் ஒப்பனையைக் கலைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். வேலன் அதுவரை தூங்கி எழுந்து புதுக் குரலோடு வருவார். புதிதாக வரும் இரண்டு ஆண்களுக்கு ஒருத்தி நின்று பதில் சொல்கிறாள். அந்தப் பதிலில் பாதிக்கு மேல் பாட்டல்ல, பேச்சு. அதுவும் ஏட்டிக்குப் போட்டிப் பேச்சு, ஒத்திகை கிடையாது, எதிராளி எதை எடுப்பார் என்று தெரியாது.

பாடும்போது உங்களுக்குப் பத்து வருடப் பயிற்சி காவல் இருக்கிறது. மூச்சை எங்கே எடுப்பது, மேல் ஸட்ஜத்தை (மேல் ‘ஸ’) எப்படித் தொடுவது என்று உடம்புக்குத் தெரியும். பாட்டு முடிந்து ‘ஏனய்யா’ என்று வாயைத் திறந்த கணத்தில் அந்தக் காவல் போய்விடுகிறது. தெருச்சண்டைக் குரல் வந்துவிடுகிறது.

கொஞ்சம் கணக்கு பாருங்கள். பாடுபவர் வைத்துக்கொள்ளும் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஐந்து கட்டை என்றால் ஆதார ஸட்ஜம், அதாவது தொடங்கும் ‘ஸ’, விநாடிக்கு 196 அதிர்வு. வயது வந்த பெண் சாதாரணமாகப் பேசும் சுருதி ஏறக்குறைய 200. அதாவது ஐந்து கட்டையில் பாடும் பெண், நிதானமாகப் பேசினால் ஆதார ஸட்ஜத்தை ஒட்டியே பேசுகிறாள். இது வரம். பேச்சையும் பாட்டையும் ஒரே சுருதியில் வைத்துக்கொள்ள, இதே கட்டையில் பாடும் ஆண்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் இயல்பாகப் பேசுவது இதற்கு வெகு கீழே. ஆனால் தர்க்கம் சூடேறியதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எதிராளி ஏற ஏற நீங்களும் ஏறி, மேல் ஸட்ஜத்துக்குப் பக்கத்தில் நின்று கத்துகிறீர்கள். மேல் ஸட்ஜம் 392. குரல்நாண்கள் விநாடிக்கு அத்தனை முறை மோதுகின்றன, கத்துவதால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழுகிறது. பாட்டில் அந்த ஸ்வரத்தில் சில விநாடிதான் நிற்பீர்கள். வசனத்தில் அங்கேயே குடியிருக்கிறீர்கள். மூன்று இரவு தாங்கியதே பெரிது.

செய்ய வேண்டியது இது. வசனத்துக்கு எல்லை போடுங்கள். சாதாரணப் பேச்சு ஸட்ஜத்தில் இருக்கட்டும். கேள்வி மத்திமத்தில் (‘ம’) முடியட்டும். கோபத்துக்குப் பஞ்சமம் (‘ப’) போதும். அதற்கு மேலே வசனத்துக்கு வேலையில்லை, மேலே போக வேண்டுமானால் பாட்டை எடுங்கள். பாட்டு அதற்குத்தான் இருக்கிறது. இப்படிப் பேசினால் இன்னொரு லாபமும் உண்டு. பஞ்சமத்தில் முடிந்த வசனத்திலிருந்து நேராகப் பல்லவிக்குள் நுழையலாம், ஆர்மோனியக்காரர் சுருதி காட்டும்வரை நின்று தேட வேண்டாம். ஔவையாராக வரும் இடங்களில் சுந்தராம்பாள் பேச்சிலிருந்து பாட்டுக்குப் போவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எந்தச் சொல்லில் பேச்சு நின்றது என்று விரல் வைக்க முடியாது. அது வரப்பிரசாதம், தெய்வ சங்கல்பம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இந்தக் கும்பிடு பிடிப்பதேயில்லை. 1926இல் கொழும்பு மேடையில் பாடகரும் நடிகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தபோது சுந்தராம்பாளுக்கு 18 வயதுக்கு மேல் இல்லை. எதிரே நின்றது கிட்டப்பாவின் உச்சஸ்தாயிக் குரல். அதோடு கத்திப் போட்டி போட்டிருந்தால் ஒரு பருவம்கூடத் தாங்கியிருக்காது. அவரிடம் இருந்தது வேலைத்திறன். அது கற்றுக்கொள்ளக் கூடியது.

இன்னொன்று. தர்க்கத்தில் அடிக்கடி வரும் சொற்களைப் பாருங்கள்: ஏன், என்ன, எவன், அட, ஓகோ, ஆகா. எல்லாம் உயிரெழுத்தில் தொடங்குபவை. கோபத்தில் உயிரெழுத்தை எடுக்கும்போது குரல்நாண்கள் முதலில் இறுக மூடி, பிறகு வெடித்துத் திறக்கும். ‘ஏன்’ என்பதற்கு முன்னால் தொண்டையில் ஒரு ‘டக்’ கேட்கும், அதுதான். ஓர் இரவில் எத்தனை ‘ஏன்’! அந்தச் சொல்லுக்கு முன்னால் மிக மெல்லிய மூச்சு, பாதி ‘ஹ’ அளவுக்கு, கசிய விடுங்கள். கேட்பவருக்குத் தெரியாது, நாண்களுக்குத் தெரியும். வீட்டில் சுருதிப்பெட்டியை உங்கள் கட்டையில் வைத்து, நாரதர் தர்க்கத்திலிருந்து பத்து வரி எடுத்து, தினம் இருபது நிமிடம் பாடாமல் பேசுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். எந்த வரியில் பஞ்சமத்தைத் தாண்டினீர்கள் என்று பென்சிலால் குறியுங்கள். முதல் வாரம் செயற்கையாக, புராணப் படம் மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

கத்துவதற்கு உங்கள் காதும் ஒரு காரணம். கச்சேரியில் தம்பூரா முதுகுக்குப் பின்னால் இருக்கும். இங்கே உங்கள் குரல் மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. நூறடி தூரம் என்றால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்து வரும். அதைக் கேட்டுப் பாடினால் தாளம் பின்னால் இழுக்கும். தன் குரல் சரியாகக் கேட்காதவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார், எல்லா மனிதருக்கும் இது உண்டு. அதனால் கூம்பை மறந்துவிட்டு, பக்கத்தில் ஒலிக்கும் ஆர்மோனியத்தைக் கேளுங்கள். மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நில்லுங்கள். மைக் இருக்கும்போது மைக் இல்லாத காலத்துக் குரலைப் போடுவது வீண்.

ஒட்டியாணத்தை, மூச்சை முழுக்க உள்ளே இழுத்து நிறுத்திக்கொண்டு கட்டச் சொல்லுங்கள். மூச்சை விட்டபின் கட்டினால் கீழ் விலா விரியாது, தோள் தூக்கித்தான் மூச்செடுப்பீர்கள், பாரம் முழுவதும் கழுத்தில் விழும். மிளகு, பனங்கற்கண்டு இதமாக இருக்கும். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடாது, தொட்டால் புரை ஏறும். தண்ணீரும் உடம்பில் கலந்துதான் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆகவே மாலையிலிருந்தே குடியுங்கள், மேடைக்குப் பக்கத்தில் நின்று மடக் மடக்கென்று குடிப்பதால் சிறுநீர்தான் முட்டும். கம்மியிருக்கும் நாட்களில் கிசுகிசுத்துப் பேசாதீர்கள். அது ஓய்வல்ல, அழுத்திக் கிசுகிசுத்தால் நாண்களுக்கு இன்னொரு பாரம். வாயை மூடிக்கொண்டு இருங்கள். செருமவும் வேண்டாம்.

இப்போது கோபப்பட வேண்டிய இடம். பேச்சே எழாத நான்காம் நாள் இரவு என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. மேடையேறியிருந்தால் அதைவிட முட்டாள்தனம் இல்லை. ஸ்பெஷல் நாடகம் கம்பெனி நாடகமல்ல. ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரிலிருந்து தனித்தனியாக வந்து கூடுகிறார்கள், பாடம் எல்லாருக்கும் பொது, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் வந்தது. உங்கள் இடத்தில் இன்னொரு ஸ்திரீபார்ட் வந்து நின்றால் நாடகம் நடக்கும். ஏஜெண்டிடம் காலையிலேயே சொல்லி, மாற்று ஆளையும் நீங்களே பேசிவிட்டால் பெயரும் கெடாது. முன்பணத்துக்காகக் குரலை விற்றவர்கள் அடுத்த பருவத்தில் கேட்பார் இல்லாமல் போயிருக்கிறார்கள். கம்மல் இரண்டு வாரம் தாண்டியும் தெளியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாணில் சிறு முடிச்சு விழுந்திருந்தாலும் தொடக்கத்தில் ஓய்வாலும் பயிற்சியாலும் பெரும்பாலும் கரையும். பயந்து ஒளிக்க வேண்டிய நோயல்ல.

கட்டையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஐந்தரையில் பாடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன், வேலனாக வரும் ராஜபார்ட்காரருக்கு அது வாகாக இருந்திருக்கும். தர்க்கத்தில் இருவருக்கும் ஒரே ஆர்மோனியப் பெட்டி, ஒரே சுருதி, நடுவில் மாற்ற முடியாது. அதனால் முதலில் வாயைத் திறந்து கேட்பவருக்குத்தான் அவருக்கு வேண்டிய கட்டை கிடைக்கும். தொண்டை தேறி மறுபடி போகும் முதல் நாடகத்துக்கு ஐந்து போதும். இதை மேடையில் வைத்துப் பேசாதீர்கள். முகத்துக்கு வர்ணம் போட உட்காரும்போதே ஆர்மோனியக்காரரைக் கூப்பிட்டு, “அண்ணே, இன்னைக்கு அஞ்சுலயே வச்சுக்குவோம், தொண்டை சரியில்லை” என்று சொல்லுங்கள். ராஜபார்ட் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவர் பாதி ராத்திரிதான் பாடப்போகிறார்.

அன்புடன்.