மட்டைப் பெட்டியில் டிகூபாஜ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வெறும் மட்டைப் பெட்டியில் படக்கடதாசி ஒட்டி, மேலே வார்னிஷ் பூசி அழகாக்கும் டிகூபாஜ் பற்றி திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

அக்கா, சப்பாத்துப் பெட்டி மூடியில் படம் ஒட்டினேன். காய்ந்ததும் மூடி வளைந்துவிட்டது. ஏன்? (உப்புவெளி)

மேல்பக்கம் மட்டும் ஒட்டியிருப்பீர்கள், தங்கச்சி. கடதாசி ஈரத்தில் விரியும், காயும்போது சுருங்கும். அப்போது மட்டையையும் சேர்த்து இழுக்கும். உள்பக்கத்திலும் ஒரு கடதாசி ஒட்டினால் இரண்டு இழுவையும் சமமாகிவிடும். பழைய பத்திரிகைத் தாளே போதும். வளைந்த மூடியை எறிய வேண்டாம். இப்போதே உள்பக்கம் ஒட்டி, மேலும் கீழும் பொலித்தீன் வைத்து, புத்தகங்களைப் பாரமாக ஏற்றி ஓர் இரவு விடுங்கள். அடுத்த பெட்டிக்கு, பைண்டர் கம் (வெள்ளைப் பசை) இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, முதலில் வெறும் மட்டையில் ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்கள். பளபளப்பான பெட்டி என்றால் அதற்கும் முன் சாண்ட்பேப்பரால் லேசாகத் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் கம் பிடிக்காது.

மாரி தொடங்கியதும் பெட்டி பிசுபிசுக்கிறது. மூடியைத் திறந்தால் படம் கிழிந்து வருகிறது. (சாம்பல்தீவு)

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. வெளிநாட்டு வீடியோக்களில் கம்மையே கடைசிப் பூச்சாகவும் பூசுகிறார்கள். காற்றில் ஈரம் ஏறினால் அந்தக் கம் மறுபடி இளகும். கடலோரத்தில் இருக்கிற நமக்கு அது சரிவராது. கம் நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் அடிப்படையிலான, காய்ந்தபின் கரையாத கிளியர் வார்னிஷை மெல்லிசாக மூன்று பூச்சு பூசுங்கள். எண்ணெய் வார்னிஷும் ஈரத்தைத் தாங்கும். ஆனால் நாளாக மஞ்சளாகும், வெள்ளைப் பின்னணியில் அது அசிங்கமாகத் தெரியும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே மூடிவிடாதீர்கள். சில நாள் திறந்தே கிடக்கட்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வார்னிஷ் வேலையே வேண்டாம் என்பேன். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது சீக்கிரம் காயும். ஆனால் அந்தக் காற்றிலேயே உட்கார்ந்து ஒட்டினால், சுருக்கத்தை நீவி எடுக்குமுன் கம் இறுகிவிடும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு ஒட்டுங்கள். டச்சுக் குடாப் பக்கம் வீடுள்ளவர்கள் வார்னிஷையும் உள்ளேயே பூசுங்கள், மணல் வந்து ஒட்டும்.

தாத்தாவின் படத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன், நிறம் கரைந்துவிட்டது. (பாலையூற்று)

அது இங்க்ஜெட் பிரிண்ட். லேசர் பிரிண்ட் அல்லது போட்டோகொப்பி எடுங்கள், கரையாது. அசல் படத்தை மட்டும் ஒருபோதும் ஒட்டாதீர்கள். ஒட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது.

கடதாசி நாப்கின் படத்துக்குள்ளால் பெட்டியின் எழுத்து தெரிகிறது. (நிலாவெளி)

முதலில் வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். நாப்கினில் பெரும்பாலும் மூன்று படை இருக்கும். படமுள்ள மேல்படையை மட்டும் உரித்தெடுத்து ஒட்ட வேண்டும். பிரஷை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டு போங்கள். காற்றுக் குமிழ் நின்றால் ஊசியால் குத்தி அமத்திவிடுங்கள்.

கம்முக்குப் பதில் கோதுமை மாப் பசை காய்ச்சலாமா? (மூதூர்)

ஒட்டும், ஆனால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் விருந்துக்கு வரும், மாரியில் பூஞ்சணமும் பிடிக்கும். மயில்துத்தம் கலந்தால் வராது என்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

எனக்கு அறுபத்தேழு வயது. இனித் தொடங்கி என்ன வரப்போகிறது, பிள்ளை? (திருகோணமலை நகர்)

அம்மா, இங்கிலாந்தில் மேரி டெலனி என்ற பெண்மணி நிறக் கடதாசியை வெட்டி ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கியது எழுபது வயதைத் தாண்டி, 1770களில். பார்வை மங்கும்வரை தொடர்ந்து, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்தார். அவை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. உங்களுக்கு நுனி கூரான சின்னக் கத்தரிக்கோல் ஒன்றும் நல்ல வெளிச்சமும் போதும். வெட்டும்போது கத்தரியைத் திருப்பாமல் கடதாசியைத் திருப்புங்கள், கை வலிக்காது.

எல்லாம் முடிந்தது, மூடி மட்டும் பூட்டுப்படவில்லை! (கிண்ணியா)

கடதாசி, கம், வார்னிஷ் எல்லாம் சேர்ந்து தடிப்பாகிவிட்டது. மூடிக்குள் மறையும் விளிம்பில் எதுவும் ஒட்டாமல் பெயிண்ட் மட்டும் அடிக்க வேண்டும். இப்போதைக்கு அந்த விளிம்பைச் சாண்ட்பேப்பரால் தேய்த்துப் பாருங்கள்.

இதில் முறுக்கு வைக்கலாமா?

பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் வைக்கலாம். நேரே போடாதீர்கள்.