கறுப்பினப் பையன்னாலே ஸ்கிசோஃப்ரீனியான்னு எழுதிடுறாங்களா?

கேள்வி: லண்டன்ல இருக்கோம் டாக்டர். மருமக ஜமைக்கா குடும்பத்துப் பொண்ணு. அவ தம்பி, 22 வயசு, ரெண்டு மாசமா மனநல வார்டுல இருக்கான், ஸ்கிசோஃப்ரீனியாவாம், அதான் இல்லாத குரல் கேக்குற, வீண் சந்தேகம் வர்ற மனநோயாம். "எங்க பசங்கன்னாலே இதத்தான் எழுதுவாங்க, மாத்திரைய நிறுத்தச் சொல்லப் போறேன்"னு சம்மந்தியம்மா அழறாங்க. என்ன சொல்றது?

பதில்: அம்மா, மாத்திரைய மட்டும் தானா நிறுத்த வேண்டாம்னு முதல்ல சொல்லுங்க, எந்த வியாதியா இருந்தாலும் திடீர்னு நிறுத்தினா மறுபடி மோசமாகலாம்.

மத்தபடி அவங்க கோவத்துல நியாயம் இருக்கு. லண்டன், நாட்டிங்ஹாம், பிரிஸ்டல்ல 1997-99ல நடந்த ஆய்வுல கரீபியன் வம்சாவளி மக்களுக்கு ஸ்கிசோஃப்ரீனியா வெள்ளைக்காரங்கள விட சுமார் 9 மடங்கு அதிகம்னு வந்துச்சு, ஆனா ஜமைக்காவுல போய் பார்த்தா அப்படி இல்ல, பரம்பரையா வர்றதுன்னா அங்கயும் இருக்கணும்ல. அதுக்காக எல்லாமே டாக்டருங்க தப்புன்னு சொல்லிட முடியாது, வேலை இல்லாம, ஒட்டுறவு இல்லாம, நிறத்த வெச்சு அவமானப்பட்டுட்டே வாழ்ந்தா நிஜமாவே வியாதி வரும். ஃப்ரெட்ரிக் ஹிக்லிங்னு ஒரு ஜமைக்கா மனநல டாக்டர், லண்டன்ல வார்டுல இருந்தவங்கள தனியா பரிசோதிச்சு 1999ல எழுதினார். மொத்தம் எத்தனை பேருக்கு ஸ்கிசோஃப்ரீனியாங்கிறதுல அவரும் அங்கத்து டாக்டருங்களும் கிட்டத்தட்ட ஒரே கணக்குதான், ஆனா யாருக்கு இருக்கு யாருக்கு இல்லைங்கிறதுல ரொம்பவே ஒத்துப்போகல. எனக்கு கவலையே அதான், இந்தப் பையனுக்கு நிஜமா அது இருக்கா இல்லையான்னு யாராவது நிதானமா பார்த்தாங்களா?

"போலீஸ் என்னையே பார்க்குது"ன்னு அந்த வயசு கறுப்பினப் பையன் சொன்னா ஃபைல்ல பாரனாய்டுன்னு, அதாவது காரணமில்லாம சந்தேகப்படுறான்னு ஏறிடுது. லண்டன்ல அவங்களத்தான் தெருவுல அதிகமா நிறுத்தி சோதனை போடுறாங்க, அப்போ அது பிரமையா அனுபவமான்னு ரெண்டு கேள்வி கேட்டுத்தான் முடிவு பண்ணணும். அப்புறம் இந்த மூட் விஷயம். கடுமையான டிப்ரஷன்லயும், அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வர்ற பைபோலார்லயும்கூட குரல் கேக்கும், சந்தேகம் வரும், சிகிச்சைதான் வேற. அமெரிக்காவுல ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு 2019ல வந்துச்சு, ஸ்கிசோஃப்ரீனியான்னு முத்திரை குத்தின கறுப்பின நோயாளிங்ககிட்ட டிப்ரஷன் அறிகுறி வெள்ளைக்காரங்கள விட அதிகமா இருந்துச்சாம், அதாவது குரல் கேக்குதுன்னதும் துக்கத்த யாரும் விசாரிக்கல.

சம்மந்தியம்மா டாக்டருங்க கூடிப் பேசுற வார்டு ரவுண்டுக்குப் போய் நேரா கேக்கட்டும்: இதுக்கு முன்னாடி தூக்கமே இல்லாம ஏகத்துக்கும் உற்சாகமா திரிஞ்சானா, இல்ல வாரக்கணக்குல சோர்ந்து கிடந்தானா, கஞ்சா பழக்கம் உண்டா, குடும்பத்துல யாருக்காவது பைபோலார் உண்டா, இதெல்லாம் எழுதியிருக்கான்னு. எழுதலைன்னா இவங்களே எழுதிக் குடுக்கட்டும், வீட்ல கூட இருந்தவங்க சொல்றதுதான் டயக்னோசிஸ மாத்தும். கன்சல்டன்ட்கிட்ட செகண்ட் ஒப்பினியனும் கேக்கலாம். மென்டல் ஹெல்த் சட்டத்துல செக்‌ஷன் 3 (சிகிச்சைக்காக கட்டாயமா ஆஸ்பத்திரியில வெக்கிற பிரிவு) போட்டு வெச்சிருந்தா அவனுக்கு இலவசமா அட்வகேட் (வக்கீல் இல்ல, அவன் பக்கம் பேச உதவுறவர்) உண்டு, அப்படி வெச்சது சரியான்னு பார்க்குற ட்ரிப்யூனல்ல அப்பீலும் பண்ணலாம், வார்டு நர்ஸ்கிட்ட கேட்டா ஃபார்ம் குடுப்பாங்க.