கிரிப்பர் ஏன் உடைகிறது? அடுத்ததை எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: சில மாதங்களாகத் தினமும், கைப்பிடி பலத்துக்காக உள்ளங்கையில் வைத்து அழுத்தும் கிரிப்பரில் பயிற்சி செய்கிறேன். முதலில் வாங்கியது 10 முதல் 60 கிலோ வரை அளவை மாற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் கிரிப்பர். 40-இல் வைத்து அழுத்தும்போது கீல் பக்கம் விரிசல் விட்டு ஒடிந்தது. அடுத்து, பளபளக்கும் ஸ்பிரிங்கும் ஃபோம் கைப்பிடியும் உள்ள சாதாரணக் கிரிப்பர் வாங்கினேன். போன வாரம் அதன் ஸ்பிரிங் 'டப்'பென்று இரண்டாகிவிட்டது. நான் அளவுக்கு மீறி அழுத்துகிறேனா? பிளாஸ்டிக்கை ஒட்டி, ஸ்பிரிங்கை வெல்டிங் வைத்துப் பயன்படுத்தலாமா? அடுத்து எதை வாங்குவது?

பதில்: முதல் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். உங்கள் கைபலம் அந்த ஸ்பிரிங்கை உடைக்கவில்லை. கைப்பிடிகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டதும் கிரிப்பர் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு முக்கி அழுத்தினாலும் அந்த விசை கைப்பிடியோடு கைப்பிடி மோதுவதில்தான் போகும். ஸ்பிரிங் மேற்கொண்டு வளைவதில்லை. பலசாலி அழுத்தினாலும் சாதாரண ஆள் அழுத்தினாலும், முழுதாக மூடினால் கம்பிக்கு ஒரே பாரம்தான்.

உடைத்தது எண்ணிக்கை. ஒரு கம்பித் துண்டை ஒருமுறை வளைத்தால் ஒடியாது, முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். ஸ்பிரிங்கிலும் அதுவே மிக மெதுவாக நடக்கிறது. உலோகச் சோர்வு என்பார்கள். தினம் நூறு தடவை அழுத்துகிறவர் ஒரு வருடத்தில் அதே ஸ்பிரிங்கை 36,500 தடவை முழு அளவுக்கு வளைக்கிறார். நல்ல எஃகு, வழவழப்பான மேற்பரப்பு, போதுமான கம்பித் தடிமன் எல்லாம் இருந்தால் இதைத் தாங்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விரிசல் பிறக்க இடம் கிடைத்துவிடும்.

அந்த இடம் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். வியர்வை உப்பால் வந்த துருப் புள்ளி, கீழே விழுந்ததில் பட்ட சிறு பள்ளம், செய்யும்போதே கருவி பட்டு விழுந்த கீறல், இப்படி ஏதோ ஒன்று. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்தப் புள்ளியிலிருந்து விரிசல் கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே நகர்கிறது. கம்பியின் மிச்சப் பாகத்தால் பாரத்தைத் தாங்க முடியாத நிலை வரும்போது ஒரே நொடியில் முறிகிறது. அதனால்தான் உங்களுக்கு அது திடீரென்று நடந்தது போலிருக்கிறது.

உடைந்த துண்டைத் தூக்கிப் போடவில்லையென்றால், முறிந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சோர்வால் உடைந்த கம்பியில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் தனித்தனியாகத் தெரியும். ஒரு பக்கம் மழமழவென்று, சில சமயம் ஒரு புள்ளியை மையமாக வைத்து விரிந்த வளைகோடுகளோடு இருக்கும். அது விரிசல் மெல்ல மெல்ல நகர்ந்த பாதை. எதிர்ப்பக்கம் சொரசொரவென்று, புதிதாக உடைந்த பளபளப்போடு இருக்கும். அது கடைசி நொடியில் முறிந்த பாகம். மழமழப்பான பகுதி கறுத்தோ பழுப்பேறியோ இருந்தால், அந்த விரிசல் பல நாளாகவே அங்கே இருந்து வியர்வையைக் குடித்திருக்கிறது என்று அர்த்தம். முகம் முழுக்க ஒரே மாதிரி மணல் மணலாக இருந்து, துருவும் இல்லாமல், வாங்கிய சில நாளிலேயே உடைந்திருந்தால் தயாரிப்பில் கோளாறு என்று சந்தேகப்படலாம்.

அந்தக் கோளாறைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பளபளக்கும் மலிவான கிரிப்பர்களில் இதற்கு வாய்ப்பு உண்டு. ஸ்பிரிங்குக்குப் பயன்படும் எஃகு மிகக் கடினமானது. மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் அணுக்கள் அந்த எஃகுக்குள் புகுந்துவிடும். அவை உள்ளேயே இருந்தால் எஃகு மொறுமொறுவென்று ஆகிவிடும். சில நாள் கழித்து, பெரிய பாரம் எதுவும் இல்லாமலே உடையும். இதைத் தவிர்க்க, முலாம் பூசிய கையோடு ஸ்பிரிங்கைச் சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் விட்டுவிடும் வேலை இது. வெளியிலிருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனவே புதுசிலேயே உடைந்தால் தயங்காமல் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் ஸ்பிரிங் நன்றாக உழைத்த பிறகு உடைந்திருந்தால், சோர்வுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சுருளின் எந்தப் பக்கம் ஆபத்து என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கைப்பிடிக்கும் நடுவே சுருள் வைத்த வழக்கமான கிரிப்பரை மூடும்போது சுருள் இன்னும் இறுகுகிறது. அப்போது கம்பியின் உட்பக்கம் நசுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. விரிசல் வளர்வது இழுபடும் பக்கத்தில். அதிலும் சுருளின் உச்சி, கையிலிருந்து அதிக தூரத்தில் இருப்பதால் அதிகமாக வளைக்கப்படுகிறது. ஆக, சுருளின் உச்சியில் வெளிப்பக்கம் இருக்கும் ஒரு சின்னக் கீறல், கம்பியில் வேறெங்கோ இருக்கும் பெரிய கீறலைவிட மோசமானது. கிரிப்பர் தரையில் விழும்போது அடிபடுவதும் பல சமயம் அதே இடம்தான். அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது கம்பி கைப்பிடிக்குள் நுழையும் வாய். அங்கே கைப்பிடியின் விளிம்பு கம்பியை உரசிக்கொண்டே இருக்கும், வியர்வையும் தேங்கும். ஃபோம் கைப்பிடி என்றால் அது ஈரத்தை உறிஞ்சி நாள் முழுக்க வைத்திருக்கும். உள்ளே துரு பிடிப்பது வெளியே தெரியாது.

சரி, பிளாஸ்டிக் கிரிப்பருக்கு வருவோம். அதன் கதை வேறு. அளவைக் கூட்டும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மாறுவதில்லை. திருகைச் சுற்றினால் ஸ்பிரிங்கின் முனை ஒரு பிளாஸ்டிக் இருக்கையில் உட்கார்ந்து நகர்கிறது, நெம்பும் தூரம் மாறுகிறது, அவ்வளவுதான். கூடுகிற பாரம் முழுவதும் கீலிலும் அந்த இருக்கையிலும் இறங்குகிறது. பிளாஸ்டிக் எஃகு மாதிரி அல்ல. தொடர்ந்து பாரம் இருந்தால் மெல்ல இளகி வடிவம் மாறும், வெப்பம் பட்டால் இன்னும் சீக்கிரம். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைப் போட்டு வைப்பது நல்லதல்ல. உடைவதற்கு முன் பெரும்பாலும் எச்சரிக்கையும் கொடுக்கும்: கீல் துளையைச் சுற்றியோ உள்மூலையிலோ நிறம் வெளுத்து ஒரு கோடு தெரியும். கறுப்புப் பிளாஸ்டிக்கில் அது சாம்பல் நிறமாகத் தெரியும். அந்தக் கோடு வந்துவிட்டால் அதை அழுத்துவதை அன்றே நிறுத்திவிடுங்கள். ஒட்டவே வேண்டாம். பசை போட்ட இடம், முன்பு உடைந்த அதே பாரத்தை மறுபடி தாங்க வேண்டும். அதற்கான தெம்பு எந்தப் பசைக்கும் அங்கே கிடையாது.

இந்த வகையை வாங்கினால், நீங்கள் வழக்கமாக அழுத்தும் பாரம் அளவுகோலின் நடுவில் வருமாறு பார்த்து வாங்குங்கள். நீங்கள் வைத்த 40 என்பது 10 முதல் 60 கிலோ வரையுள்ள கிரிப்பருக்கு நடுவைத் தாண்டிய இடம். தினமும் அங்கேயே வைத்து வேலை வாங்கினால் கீல் தேயத்தான் செய்யும். கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி திருகைச் சுற்ற வேண்டாம், கடைசி எண்ணுக்கு வந்த பிறகு இன்னும் முறுக்கவும் வேண்டாம். மரை தேய்ந்தால் ஸ்பிரிங் திடீரென்று நழுவும்.

வெல்டிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. ஸ்பிரிங் எஃகுக்கு அதன் குணத்தைத் தருவது கம்பியை இழுத்தபோதும் சூடாக்கி ஆறவைத்தபோதும் ஏறிய பதம். வெல்டிங் சூடு பட்டதும் அந்த இடத்தில் பதம் போய்விடும். ஒட்டுப் போட்டதற்குப் பக்கத்திலேயே ஒரு இடம் மெத்தென்றும் இன்னொரு இடம் மொறுமொறுவென்றும் ஆகும். அடுத்த முறை அது எந்தத் திசையில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணைப் பணயம் வைத்துக் காப்பாற்ற வேண்டிய பொருள் இல்லை இது. நல்ல கிரிப்பரையும் முகத்துக்கு நேரே பிடித்து அழுத்த வேண்டாம், மல்லாந்து படுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தும் வேண்டாம். இடுப்பு உயரத்தில், சுருள் உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்கட்டும். பக்கத்தில் குழந்தைகள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் விடாதீர்கள்.

இனி எதை வாங்குவது. 40 கிலோ அளவில் நிலையாகப் பயிற்சி செய்கிறவருக்கு, அளவு மாறாத எஃகுக் கிரிப்பர்கள் இரண்டோ மூன்றோ, ஒன்றைவிட ஒன்று கடினமாக வைத்துக்கொள்வதே சரி என்பது என் தீர்மானமான கருத்து. கைப்பிடி அலுமினியமாக, சொரசொரப்பு வெட்டியதாக இருக்கட்டும். வியர்வையை உறிஞ்சாது, கைப்பிடிகள் மோதும் இடமும் சீக்கிரம் தேயாது. இது சின்ன விஷயமல்ல. மூடும்போது ஸ்பிரிங்கை நிறுத்துவதே கைப்பிடிகள் மோதுவதுதான் என்று முதலில் சொன்னேன் இல்லையா? ஃபோமும் மெல்லிய பிளாஸ்டிக்கும் அமுங்கி அமுங்கி மெலிந்துபோனால் ஸ்பிரிங் ஒவ்வொரு முறையும் கூடுதலாக வளைகிறது. கைப்பிடியை அரத்தால் ராவி இன்னும் நெருக்கமாக மூடவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பலம் கூடும்தான், ஆனால் அந்த ஸ்பிரிங் வடிவமைத்த அளவைத் தாண்டி வளைகிறது, ஆயுள் குறையும்.

பெட்டியில் அச்சடித்த எண்ணை அதிகம் நம்பாதீர்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கம்பி பத்து சதவீதம் தடித்தால் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். அதனால் கம்பியில் தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் ஒரே எண் போட்ட இரண்டு கிரிப்பர்கள் கையில் வேறுவேறாக இருக்கும். பெயர் பெற்ற கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ் கிரிப்பர் வரிசையில் 1-ஆம் எண்ணுக்கு 140 பவுண்டு, 2-க்கு 195, 3-க்கு 280, 4-க்கு 365 என்று தயாரிப்பாளர் மதிப்பு கொடுக்கிறார். ஒரு கம்பெனியின் 140-ஐ இன்னொரு கம்பெனியின் 140-ஓடு ஒப்பிட முடியாது, ஏனென்றால் கைப்பிடியின் எந்த இடத்தில் எப்படி அளப்பது என்பதில் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. ஒரு தயாரிப்பாளரின் வரிசைக்குள்ளேயே படிப்படியாக ஏறுங்கள்.

அப்புறம், தினமும் நூற்றுக்கணக்கில் அழுத்துவதை விட்டுவிடுங்கள். பலம் கூடுவதற்கு வேண்டியது கனமான சில அழுத்தல்கள், நடுவே ஓய்வு நாட்கள். இலகுவான கிரிப்பரில் கையைச் சூடேற்றிக்கொண்டு, கடினமானதில் ஐந்தாறு நல்ல அழுத்தல்களாகச் சில சுற்றுகள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். விரல் தசைநார்களுக்கும் நல்லது, ஸ்பிரிங்கின் கணக்கிலும் ஆயிரக்கணக்கான அழுத்தல்கள் மிச்சமாகும்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடையுங்கள். மாதம் ஒருமுறை சுருளின் இடைவெளியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். கிறீச் சத்தம் வந்தால் அது பெரும்பாலும் சுருள்கள் ஒன்றோடொன்று உரசுவது; எண்ணெயில் சரியாகிவிடும். எண்ணெய் விட்டும் ஒரே இடத்தில் 'டிக்' என்று ஒவ்வொரு அழுத்தலுக்கும் கேட்டால் அதை விரிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பஞ்சை எடுத்துச் சுருளின் வெளிப்பக்கம் தேய்த்துப் பாருங்கள். நார் சிக்கும் இடத்தில் கீறலோ விரிசலோ இருக்கும். லேசான துருவை மெல்லிய உப்புத்தாளால் கம்பியின் நீளவாக்கில் தேய்த்து எடுக்கலாம், குறுக்கே தேய்த்தால் நீங்களே விரிசலுக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்படும் அளவுக்குத் துரு அரித்திருந்தால் அந்தக் கிரிப்பரின் காலம் முடிந்தது.

கிரிப்பருக்குப் பதில் கையில் அழுத்தும் ரப்பர் வளையம் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை: அதற்கு எண்ணெய் ஆகாது. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊதி மென்மையாகிவிடும். காற்றிலுள்ள ஓசோன் படும்போது, இழுபட்டு நிற்கும் இடத்தில் குறுக்கே சின்னச் சின்ன வெடிப்புகள் விழும். அவற்றைக் கண்டதும் மாற்றிவிடுங்கள்.

புதுக் கிரிப்பர் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அழுத்தாமல் சும்மா வைத்து, இரண்டு கைப்பிடிகளின் கீழ்முனைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று ஸ்கேலால் அளந்து, பில்லின் பின்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள். முதல் சில வாரங்களில் இந்த இடைவெளி கொஞ்சம் குறையும்; ஸ்பிரிங் படிகிறது, கவலைப்பட வேண்டாம். அதற்குப் பிறகு அது அப்படியே நிற்க வேண்டும். பல மாதம் மாறாமல் இருந்த இடைவெளி திடீரென்று குறைந்தாலோ, மூடுவது ஒரே வாரத்தில் சட்டென்று சுலபமானாலோ, உங்கள் பலம் கூடிவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன் அந்தப் பஞ்சை எடுத்துச் சுருளில் தேய்த்துப் பாருங்கள்.