சாப்பிடாத இரவில் ஏறும் சர்க்கரை

வாசகர் கேள்வி, மருத்துவ அறிவியல் பதில்

கேள்வி: என் தாயாருக்கு வயது 67. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். படுக்கும்போது குளுக்கோமீட்டரில் 128 என்று இருக்கும் அளவு, காலையில் காபி குடிப்பதற்கு முன்பே 164 ஆகிவிடுகிறது. இரவில் எழுந்து எதையோ தின்கிறார் என்று என் அண்ணன் பிஸ்கட் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அம்மா அழுகிறார். சாப்பிடாமலே சர்க்கரை ஏறுமா?
– வாசகி, மதுரை

பதில்: ஏறும். உங்கள் தாயார் சொல்வதை நம்புங்கள். அண்ணனிடம் சொல்லி, அந்த அலமாரிச் சாவியை இன்றே அம்மா கையில் கொடுக்கச் செய்யுங்கள். இந்தச் சந்தேகத்துக்கு ஆளாகி மனம் நொந்தவர்களின் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு அடிக்கடி வருகின்றன என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய ஐந்து லிட்டர். சர்க்கரை அளவு 100 என்று மீட்டர் காட்டினால், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் உடலின் மொத்த இரத்தத்திலும் சேர்ந்து இருப்பது ஐந்தே கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. மூளை மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஐந்து கிராம் குளுக்கோஸை எரிக்கிறது, நாம் உறங்கும்போதும் அது தன் பங்கைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உணவிலிருந்து வருவது மட்டுமே சர்க்கரை என்றால், இரவு உணவு செரித்து முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் நாம் எல்லோருமே மயங்கிவிட வேண்டும். அப்படி நேராமல் விடியும்வரை காப்பது கல்லீரல். அது ஏறக்குறைய 100 கிராம் குளுக்கோஸைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் கோத்துச் சேமித்து வைத்திருக்கிறது. இரவில் அதை அவிழ்த்துச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. அது போதாதபோது லாக்டிக் அமிலம், அமினோ அமிலங்கள், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரால் ஆகியவற்றைக் கொண்டு புதிதாகவும் குளுக்கோஸைச் செய்து தருகிறது.

இதை முதலில் கண்டவர் பாரிஸில் கொலேஜ் தெ பிரான்ஸில் பணியாற்றிய கிளோத் பெர்னார். இறைச்சி மட்டுமே உண்ட ஒரு நாயின் கல்லீரலை எடுத்து, அதன் இரத்தக் குழாய் வழியாகக் குளிர்ந்த நீரைச் செலுத்தி, வெளியே வரும் நீரில் சர்க்கரையே இல்லை என்று உறுதியாகும்வரை அலசினார். பிறகு அதை மேசைமேல் அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் வந்து சோதித்தபோது அதே கல்லீரலில் சர்க்கரை மிகுந்திருந்தது. உயிர் போன உறுப்பு, உணவு ஏதுமின்றி, தனக்குள்ளிருந்து சர்க்கரையைத் தந்திருந்தது. இது 1855ஆம் ஆண்டில். அந்தச் சேமிப்புப் பொருளான கிளைக்கோஜனை 1857இல் அவர் பிரித்தெடுத்தார்.

நலமாக இருப்பவரின் உடலில் இந்தக் கல்லீரலை இன்சுலின் அடக்கி வைத்திருக்கும். இரண்டாம் வகை நீரிழிவில் கல்லீரல் இன்சுலினின் சொல்லைச் சரிவரக் கேட்பதில்லை. அத்துடன் இரவில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் விடியற்காலையில் கூடும் கார்டிசாலும் இன்சுலினின் வேலையை மேலும் தளர்த்துகின்றன. ஆகவே பசித்த வயிற்றோடு உறங்கிய மனிதருக்கும் காலையில் அளவு கூடியிருக்கும். மருத்துவர்கள் இதை விடியற்கால ஏற்றம் என்பார்கள். உங்கள் தாயார் இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: நள்ளிரவுக்கு மேல் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோய், அதை ஈடுகட்டக் கல்லீரல் அளவுக்கு மீறிச் சுரந்திருக்கவும் கூடும். ஓரிரு நாள்கள் அதிகாலை மூன்று மணிக்கு ஒருமுறை அளந்து, அந்த எண்களைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்ற வேண்டாம்.

கேள்வி: உயிர்வேதியியல் பாடத்தில் 'கோரி சுழற்சி' என்று படிக்கிறோம். கோரி என்பவர் யார்? வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஒருவர் அல்லர், இருவர்: கெர்ட்டி கோரி, அவர் கணவர் கார்ல் கோரி. இருவரும் 1896இல் பிராக் நகரில் பிறந்தவர்கள். அங்கேயே மருத்துவம் படிக்கும்போது சந்தித்து, 1920இல் பட்டம் பெற்ற ஆண்டிலேயே திருமணம் செய்துகொண்டார்கள். கெர்ட்டியின் தந்தை சர்க்கரை ஆலைகளை நிர்வகித்த வேதியியலாளர். கரும்பையும் பீட்ரூட்டையும் விட்டு, உடலுக்குள் இருக்கும் சர்க்கரையின் கணக்கை மகள் வாழ்நாள் முழுவதும் எழுதினார்.

1922இல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குச் சென்ற அவர்கள், நாம் உண்ணும் குளுக்கோஸ் எங்கே போகிறது, எவ்வளவு சேமிக்கப்படுகிறது, எவ்வளவு எரிகிறது என்று எலிகளில் கிராம் கணக்கில் அளக்கத் தொடங்கினார்கள். அந்த அளவைகளிலிருந்துதான் 1929இல் நீங்கள் படிக்கும் சுழற்சி வந்தது. உழைக்கும் தசையில் கிளைக்கோஜன் உடைந்து லாக்டிக் அமிலமாகிறது. அது இரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்குச் செல்கிறது. கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விட, தசை அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. தசையில் கல்லீரலைவிடப் பல மடங்கு கிளைக்கோஜன் இருந்தாலும், அதைக் குளுக்கோஸாக இரத்தத்துக்குத் தரும் நொதி தசையில் இல்லை. அதனால்தான் தசைக்கு இந்தச் சுற்றுவழி. சுழற்சிக்குச் செலவும் உண்டு. ஒரு குளுக்கோஸ் லாக்டிக் அமிலமாக உடையும்போது கிடைப்பது 2 ஏடிபி (செல்களின் ஆற்றல் நாணயம் என்று சொல்லப்படும் மூலக்கூறு). கல்லீரல் அதை மறுபடி கட்டுவதற்குச் செலவிடுவது 6 ஏடிபி. தேர்வில் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

1931இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு அவர்கள் முழு விலங்கை விட்டுத் திசுவுக்குள் இறங்கினார்கள். தவளையின் தசையை நறுக்கி, நீரில் திரும்பத் திரும்ப அலசி, பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்தபோது அதுவரை யாரும் அறியாத ஒரு சேர்மம் அதில் சேர்வதைக் கண்டு 1936இல் அறிவித்தார்கள். அது குளுக்கோஸ்-1-பாஸ்பேட், கோரி எஸ்டர் என்றே அதற்குப் பெயர் வந்தது. கிளைக்கோஜனைத் தண்ணீர் உடைக்கவில்லை, பாஸ்பேட்டை ஏற்றி உடைக்கும் தனி நொதி ஒன்று இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. பாஸ்பாரிலேஸ் என்ற அந்த நொதியை வைத்து, அதே வினையைப் பின்னோக்கி நடத்தி, சோதனைக் குழாயிலேயே கிளைக்கோஜனைப் போன்ற ஒரு பொருளைக் கட்டிக் காட்டினார்கள்.

அந்தக் குழாயில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. உருளைக்கிழங்குத் துண்டிலோ சோற்றுக் கஞ்சியிலோ அயோடின் சொட்டு விட்டால் கருநீலமாவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். கிளைக்கோஜனில் அயோடின் விட்டால் செம்பழுப்பு நிறம் வரும். தசை நொதியைக் கொண்டு அவர்கள் கட்டிய பொருளோ மாவைப்போல் நீலமாயிற்று. ஆக, குளுக்கோஸ் சரம் கட்டப்பட்டிருக்கிறது, ஆனால் கிளைக்கோஜனில் இருப்பதுபோல் கிளைகள் இல்லை. கிளை விடச் செய்வதற்கு வேறொரு நொதி இருந்தாக வேண்டும். நிறம் தப்பிப்போயிற்று என்று குழாயைக் கழுவி வைத்துவிடாமல், அந்த நீலத்தைப் பிடித்துக்கொண்டு கெர்ட்டி பல ஆண்டுகள் சென்றார். கிளை கட்டும் நொதி, கிளை வெட்டும் நொதி என்று அவர் ஆய்வு விரிந்தது. அதன் பயன் குழந்தைகளுக்குக் கிடைத்தது. கல்லீரல் வீங்கி, சற்று நேரம் பாலில்லாமல் இருந்தாலே சர்க்கரை தாழ்ந்து துவண்டுபோகும் சில குழந்தைகளின் கல்லீரலில் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்ற நொதி இல்லை என்பதை 1952இல் இருவரும் காட்டினார்கள். பிறவி நோய் ஒன்றுக்கு இன்ன நொதியின் குறைவே காரணம் என்று திசுவிலேயே சோதித்துச் சுட்டிக்காட்டியது அதுவே முதல்முறை.

இத்தனை செய்தவருக்கு வேலை கொடுக்க மட்டும் நிறுவனங்களுக்கு மனம் வரவில்லை. மனைவியோடு சேர்ந்து ஆய்வு செய்வதை விட்டால் பதவி தருகிறோம் என்று கார்லுக்கு ஓரிடத்தில் நிபந்தனை விதித்தார்கள். அவர் அந்தப் பதவியையே மறுத்தார். செயின்ட் லூயிஸில் கார்ல் துறைத் தலைவராக இருக்க, கெர்ட்டி சொற்பச் சம்பளத்தில் ஆய்வு உதவியாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். அவர் பேராசிரியரானது 1947இல். அதே ஆண்டில்தான் நோபல் பரிசும் வந்தது. மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். எங்கள் முயற்சிகள் ஒன்றையொன்று நிறைவு செய்பவை, ஒருவர் இல்லாமல் மற்றவர் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டோம் என்று ஸ்டாக்ஹோம் விருந்தில் கார்ல் பேசினார்.

பரிசு வந்த அதே ஆண்டில் கெர்ட்டியின் எலும்பு மஜ்ஜை நலிவது கண்டறியப்பட்டது. அதன்பின் பத்து ஆண்டுகள், இரத்தம் ஏற்றிக்கொண்டு, களைப்பு மேலிட்டால் ஆய்வகத்தை ஒட்டிய அறையில் ஒரு சிறு கட்டிலில் சாய்ந்து, பிறகு எழுந்து வந்து வேலை செய்தார். மேலே சொன்ன 1952ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு அந்தப் பத்தாண்டுக்குள் செய்தது. 1957 அக்டோபரில் மறைந்தார். அவர்களுடைய ஆய்வகத்தில் பணியாற்றிய ஆறு பேர் பின்னாளில் தாங்களும் நோபல் பரிசு பெற்றார்கள். உங்கள் வகுப்பில் அடுத்த முறை கோரி சுழற்சி வரும்போது இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் எழுதுமாறு ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: ஏழு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சர்க்கரைக்கான மாத்திரைக்கு ஆண்டுதோறும் சிறுநீரகப் பரிசோதனை எதற்கு? வீண் செலவு என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வீண் செலவு இல்லை. மெட்ஃபார்மினின் முக்கியமான வேலை, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்வதைக் குறைப்பது. மேலே திருநெல்வேலி மாணவிக்கு எழுதிய பதிலைப் பாருங்கள்: கல்லீரல் சர்க்கரை செய்ய எடுத்துக்கொள்ளும் பொருள்களில் லாக்டிக் அமிலமும் ஒன்று. அந்த வேலை குறைந்தால் லாக்டிக் அமிலம் இரத்தத்தில் சற்றுக் கூடுதலாகத் தங்கும். இயல்பான உடலில் அதனால் கேடு இல்லை. ஆனால் மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டிய மருந்து. சிறுநீரகம் நலிந்திருந்தால் மருந்து உடலில் தேங்கும், லாக்டிக் அமிலமும் தேங்கும், அரிதாக அது உயிருக்கே ஆபத்தாகும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை செய்து மருந்தின் அளவை முடிவு செய்வது அதற்காகத்தான். கடும் வயிற்றுப்போக்கு, வாந்தி, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சை, மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன் ஆகியவற்றின்போது இந்த மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: 1947ஆம் ஆண்டு நோபல் பரிசை கோரி தம்பதியுடன் பகிர்ந்துகொண்ட மூன்றாமவர் யார்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அர்ஜென்டினாவைச் சேர்ந்த பெர்னார்டோ ஊசாய். பாதிப் பரிசு அவருக்கு, மறுபாதி கோரி தம்பதிக்கு. கணையத்தை எடுத்துவிட்டால் நாய்க்குக் கடுமையான நீரிழிவு வரும் என்பது அப்போது தெரிந்த செய்தி. கூடவே மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் எடுத்துவிட்டால் அந்த நீரிழிவு தணிகிறது என்று ஊசாய் காட்டினார். இன்சுலினுக்கு எதிர்த்திசையில் இழுக்கும் சுரப்புகள் உண்டு என்பது இதனால் உறுதியாயிற்று. மதுரை வாசகிக்கு நான் குறிப்பிட்ட வளர்ச்சி ஹார்மோன் பிட்யூட்டரியிலிருந்துதான் வருகிறது. ஜனநாயகம் கோரிய அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக 1943இல் ஊசாய் தம் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, தனியார் நன்கொடையில் ஓர் ஆய்வகம் அமைத்துப் பணியைத் தொடர்ந்தார். அவருடைய மாணவர் லூயிஸ் லெலுவார் அந்தக் காலத்தில் அமெரிக்கா சென்று, சில மாதங்கள் கோரி தம்பதியின் ஆய்வகத்திலும் இருந்தார். மேலே சொன்ன அறுவரில் அவரும் ஒருவர். உடலில் கிளைக்கோஜன் கட்டப்படும் வழி, அது உடையும் வழியின் மறுதிசை இல்லை, வேறொரு வழி என்று பின்னாளில் கண்டறிந்து, 1970இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் அவர்தான்.

கேள்வி: கெர்ட்டி கோரியின் அஞ்சல் தலை இருப்பதாக என் பேத்தி சொல்கிறாள். உண்மையா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்மை. அமெரிக்க அஞ்சல் துறை 2008இல் வெளியிட்டது. அவர் உருவத்தின் அருகே கோரி எஸ்டரின் வேதி வாய்பாட்டை அச்சிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. பேத்தி வேதியியல் படிப்பவராக இருந்தால், பாடநூலில் உள்ள குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டின் படத்தையும் அஞ்சல் தலையையும் அருகருகே வைத்து, பிழை எங்கே இருக்கிறது என்று அவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.