விலா எலும்பு கேள்வி-பதில்: ‘அதிகம் வெந்து இறுகிவிட்டது’ என்பவர்களுக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாட்டு விலாவைப் பற்றியவை. நாலைந்து பேர் ஒரே கேள்வியை வெவ்வேறு கோபத்தோடு கேட்டிருந்ததால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எந்த வெட்டு, எவ்வளவு தடிமன், எந்தப் பாத்திரம் என்று எழுதாதவர்களுக்கு ஊகித்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். ஊகம் தப்பினால் என்னைத் திட்ட வேண்டாம்.

கே: மாட்டு விலா வாங்கி வந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும்? அவசரம்.

அவசரம் என்றால் அதை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு முட்டை பொரித்துச் சாப்பிடுங்கள். விலா அவசரத்துக்கு ஆகாது.

சரி, எந்த விலா? மாட்டுக்கு 13 ஜோடி விலா எலும்பு. முன்னங்கால் பக்கம் 2 முதல் 5 வரை உள்ளவையும், கீழே வயிற்றுப் பக்கம் இறங்கும் 6, 7, 8 ஆகியவையும் ஷார்ட் ரிப்ஸ். எலும்புக்கு மேலே இரண்டு விரல், சமயத்தில் மூன்று விரல் தடிமனுக்குச் சதை இருக்கும். முதுகுப் பக்கம் 6 முதல் 12 வரை உள்ளவை பேக் ரிப்ஸ். மேலே இருந்த நல்ல சதையை ஸ்டேக்குக்கு எடுத்தது போக மிஞ்சியது இது. எலும்புக்கும் எலும்புக்கும் இடையில்தான் கறி. முன்னதற்கு 150 டிகிரி ஓவனில் இறுக்க மூடி மூன்றரை, நான்கு மணி நேரம். பின்னதற்கு இரண்டரை, மூன்று. இதுவும் உத்தேசம்தான். எலும்புக்கு நடுவே மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் எடுக்கலாம். இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

கே: எட்டுப் பேர் வருகிறார்கள். எத்தனை கிலோ வாங்கலாம்?

ஷார்ட் ரிப்ஸ் என்றால் ஆளுக்கு அரைக் கிலோ, ஆக நாலு கிலோ. எலும்பு, உருகும் கொழுப்பு, வற்றும் நீர் எல்லாம் போக வாங்கியதில் பாதிகூடத் தட்டுக்கு வராது. பேக் ரிப்ஸ் என்றால் ஆளுக்கு முக்கால் கிலோவாகக் கணக்குப் போடுங்கள்.

கே: எலும்புப் பக்கம் உள்ள சவ்வை உரிக்க வேண்டுமா? ஒருவர் உரி என்கிறார், ஒருவர் உரிக்காதே என்கிறார்.

இரண்டு பேரும் வெவ்வேறு விலாவைப் பற்றிப் பேசுகிறார்கள். பேக் ரிப்ஸில் உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் காகிதத்தைக் கடித்ததுபோல் பல்லில் மாட்டும். ஸ்பூன் காம்பை ஒரு எலும்பின் மேலே சவ்வுக்கு அடியில் நுழைத்துத் தூக்கி, பேப்பர் டவலால் பிடித்து இழுத்தால் ஒரே உரியாக வந்துவிடும். வெறும் கையால் இழுத்தால் வழுக்கும். வயிற்றுப் பக்கத்துத் தடித்த ஷார்ட் ரிப்ஸில் அதைத் தொடாதீர்கள். அந்தச் சவ்வுதான் எலும்பையும் சதையையும் பிடித்து வைத்திருக்கிறது. உரித்துவிட்டால் பாதி வேக்காட்டிலேயே எலும்பு கழன்று விழும்.

ஆனால் மேல் பக்கம் வெள்ளிபோல் மின்னும் சவ்வை எந்த விலாவாக இருந்தாலும் சீவி எடுங்கள். அது எவ்வளவு நேரம் வெந்தாலும் கரையாது. உப்பும் அதைத் தாண்டி எளிதில் உள்ளே போகாது.

கே: கறியை நான்கு தண்ணீர் விட்டுக் கழுவியும் சிவப்பு நீர் வந்துகொண்டே இருக்கிறது. எப்போது நிறுத்துவது?

ஆரம்பிக்கவே வேண்டாம். அது ரத்தம் இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறப்பொருள் நீரோடு வருகிறது. நாற்பது தண்ணீர் விட்டாலும் வரும். கழுவும்போது தெறிக்கும் நீரால் கிருமி தொட்டியிலும் மேடையிலும் பரவுவதுதான் மிச்சம். கறியை அடுப்பு பார்த்துக்கொள்ளும். எலும்பு வெட்டிய தூள் ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள், அப்புறம் காய்ந்த பேப்பர் டவலால் ஒற்றி எடுங்கள். ஈரமான கறி வறுபடாது, அவியத்தான் செய்யும்.

கே: உப்பு எப்போது, எவ்வளவு?

முந்தின இரவே. கிலோவுக்கு 10 முதல் 12 கிராம், அதாவது தூள் உப்பில் இரண்டு டீஸ்பூன். தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், மேற்பரப்பும் காயும். வாங்கிய மசாலாத் தூளில் ஏற்கெனவே உப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பாராமல் கரிக்கிறது என்று எழுதுபவர்கள் மாதம் இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

கே: 150 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தேன். அதிகம் வெந்து ரப்பர் மாதிரி இறுகிவிட்டது. கடைக்காரர் முத்தல் கறியைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைக்கிறேன். அடுத்த முறை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாமா?

நான் சொன்ன அந்த ஒரே கேள்வி இதுதான். எல்லாரும் கடைக்காரரைத்தான் திட்டுகிறார்கள், பாவம்.

உங்கள் கறி அதிகம் வேகவில்லை. வேகவே இல்லை. ஒரு மணி நேரத்தில் எடுத்தால் இன்னும் மோசமாக இருக்கும்.

விலா மாடு நடக்கவும் மூச்சுவிடவும் ஓயாமல் உழைக்கும் பகுதி. அதனால் தசை நாரைச் சுற்றி கொலாஜன் என்ற கட்டு நிறைய இருக்கும். சூடு 60 டிகிரியைத் தாண்டியதும் அந்தக் கட்டு சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் நாரிலிருந்து நீரைப் பிழிகிறது. 70 டிகிரி வாக்கில் கறி அதன் வாழ்நாளிலேயே மிக இறுக்கமாக இருக்கும். மெல்லிய ஸ்டேக் துண்டு இந்த இடத்தில்தான் கெட்டுப்போகும். அந்த அனுபவத்தை வைத்து நீங்களும் பதறி எடுத்துவிட்டீர்கள். 75, 80-ஐத் தாண்டிய பிறகுதான் அதே கொலாஜன் வேகமாக இளகி ஜெலட்டின் ஆகத் தொடங்குகிறது. அதற்குச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். நடுச்சதை 93, 95 டிகிரிக்கு வந்து கொஞ்ச நேரம் அங்கே இருந்தால்தான் கட்டு முழுக்க அவிழும். நார் இழந்த நீர் திரும்ப வராது. ஆனால் ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் நாருக்கு நடுவே வழவழப்பாகப் பரவுவதால் வாயில் ஈரமாகத் தெரிகிறது. விலாவின் ருசியே இந்த ஏமாற்றில்தான் இருக்கிறது.

ஆக, பச்சையாக இருக்கும்போது ஒரு மென்மை, நடுவில் ஒரு இறுக்கம், கடைசியில் மறுபடி மென்மை. நடுவில் இறங்கிக்கொண்டவர்கள்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

நானும் அப்படி இறங்கியவன்தான். வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்த ஒரு நாள், மணி ஆகிவிட்டது என்று இரண்டு மணி நேரத்தில் எடுத்துப் பரிமாறினேன். எல்லாரும் மரியாதையாக மென்றார்கள், ரொம்ப நேரம் மென்றார்கள். மிச்சத்தைத் தூக்கி எறிய மனமில்லாமல் மறுநாள் அதே தட்டை மூடி இன்னும் ஒன்றரை மணி நேரம் உள்ளே வைத்தேன். அதே கறி, முள்கரண்டி பட்டதும் பிரிந்தது. சாப்பிடத்தான் ஆள் இல்லை.

அப்படியானால் அதிகம் வேகவே வேகாதா? வேகும். ஆனால் அது ரப்பராக இருக்காது. நூல் நூலாகப் பிரியும், வாயில் வைக்கோலைப் போட்டதுபோல் இருக்கும். மென்றால் திரும்பி எம்புகிறதா, குறைவு. மெல்லாமலே பொடிந்து உலர்ந்திருக்கிறதா, அதிகம். இந்த வித்தியாசம் தெரியாமல் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள். கம்பியை விட்டுப் பாருங்கள். மாட்டினால் மூடி போட்டு இன்னும் அரை மணி. கடிகாரம் பசி எடுத்தவர்களுக்கு.

கே: கரி அடுப்பில் 120 டிகிரியில் புகை போட்டுக்கொண்டிருந்தேன். கறியின் உள்சூடு 70-க்கு வந்ததும் இரண்டு மணி நேரமாக நகரவே இல்லை. தெர்மாமீட்டர் பழுதா?

பழுது இல்லை. மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகிறது. நமக்கு வியர்த்தால் குளிர்வதுபோல. 65-க்கும் 75-க்கும் இடையில் எங்காவது இப்படி நிற்கும். பொறுத்திருங்கள். முடியாவிட்டால் மேலே கருஞ்சிவப்பாகப் பொருக்கு கட்டியபின் ஃபாயிலிலோ தடித்த கசாப்புக் காகிதத்திலோ இறுக்கச் சுற்றிவிடுங்கள், ஆவி தங்கி சூடு ஏறும். ஃபாயிலில் பொருக்கு கொஞ்சம் நமுத்துப்போகும், காகிதத்தில் அவ்வளவு போகாது. தடித்த விலாவுக்கு மொத்தம் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும் என்று காலையிலேயே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தெர்மாமீட்டர் முனை எலும்பில் படக் கூடாது, பட்டால் பொய் சொல்லும்.

கே: குக்கரில் எத்தனை விசில்?

விசில் ஒரு அளவே இல்லை. தீ பெரிதானால் பத்து நிமிடத்தில் எட்டு அடிக்கும், சிறிதானால் இரண்டோடு நிற்கும். அழுத்தம் ஏறியதும் தீயைத் தணித்து, ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளுக்கு 45, 50 நிமிடம் வையுங்கள். உள்ளே சுமார் 120 டிகிரி இருப்பதால்தான் இவ்வளவு சீக்கிரம். ஆவியைத் தானாக அடங்க விடுங்கள். பட்டென்று திறந்துவிட்டால் உள்ளே கொந்தளித்துக் கறி சிதறும். திறந்ததும் கம்பி விட்டுப் பாருங்கள்.

கே: பப்பாளிக்காய் அரைத்துத் தடவி ஒரு ராத்திரி ஊறவைத்தால் சீக்கிரம் வேகுமா?

மேலே கூழ், உள்ளே பழையபடி ரப்பர். பப்பாளியின் நொதி சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. வினிகரும் தயிரும் அப்படித்தான், ருசிக்குச் சேருங்கள், மென்மைக்காக வேண்டாம். தடித்த விலாவை இளக்குவது நேரம் மட்டுமே. முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுத வேண்டியிருக்கும்.

கே: முதலில் தண்ணீரில் வேகவைத்து, நீரைக் கொட்டிவிட்டு, பிறகு கரியில் வாட்டலாம் என்கிறார்களே?

வாட்டலாம். நீரை ஏன் கொட்டுகிறீர்கள்? ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. கறி முங்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, தளதளவென்று கொதிக்கவிடாமல் மெல்ல வேகவையுங்கள். கறியை எடுத்தபின் அந்த நீரைச் சுண்டவைத்து மேலே தடவுங்கள். கரியில் ஐந்து, பத்து நிமிடம் போதும்.

கே: இனிப்பு சாஸ் தடவி மூன்று மணி நேரம் சுட்டேன், கரிக்கட்டை ஆகிவிட்டது.

சர்க்கரை கருகும். கடைசி கால் மணி நேரத்தில் தடவுங்கள்.

கே: எலும்புக்குக் குறுக்கே, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு நீள நீளமாக வெட்டித் தந்துவிட்டார்கள். இதையும் நான்கு மணி நேரம் வேகவைக்க வேண்டுமா?

வேண்டாம். நான் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் இது விதிவிலக்கு. கொலாஜன் கட்டை உருக்குவதற்குப் பதில் கத்தியே அதைத் துண்டு துண்டாக அறுத்துக் கொடுத்துவிட்டது. சில மணி நேரம் ஊறவைத்து, நல்ல தகதகக்கும் சூட்டில் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம். கொஞ்சம் மெல்ல வேண்டியிருக்கும், அதுதான் அதன் குணம். வாங்கும்போதே எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டால் இந்தத் திகைப்பு வராது. வெட்டியபின் ஒட்ட முடியாது.

கே: புகை போட்ட விலாவை வெட்டினால் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் இருக்கிறது. வேகாத கறியா?

வெந்த கறிதான். புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு முன்னே சொன்ன அந்த மயோகுளோபினோடு சேர்ந்து நிறத்தைப் பிடித்து வைத்துவிடுகிறது. வேகாத கறி நடுவில்தான் சிவந்திருக்கும், ஓரத்தில் இல்லை. இந்த வளையத்துக்காகவே சிலர் தவம் கிடக்கிறார்கள். ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கே: முந்தின நாளே சமைத்து வைக்கலாமா? குழம்பு முழுக்க எண்ணெயாக மிதக்கிறது.

தாராளமாக. மூடி வைத்து மெல்ல வேகவைத்த விலா மறுநாள்தான் இன்னும் நன்றாக இருக்கும். ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்; ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே விட்டுவிட்டு எனக்கு எழுதாதீர்கள். காலையில் கொழுப்பு மேலே வெள்ளைத் தட்டாக உறைந்திருக்கும், கரண்டியால் தூக்கி எடுத்துவிடலாம். அடியில் குழம்பு அல்வாபோல் ஆடினால் ஜெலட்டின் நன்றாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மூடி வைத்து, சிறு தீயில், உள்ளே 75 டிகிரி வரும்வரை சூடாக்குங்கள். மூன்று, நான்கு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

கே: மிஞ்சிய எலும்பை நாய்க்குப் போடலாமா?

கூடாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். இன்னொரு முறை வேகவைத்து சூப்புக்கு எடுத்துக்கொண்டு, அப்புறம் நாய்க்கு எட்டாத குப்பைத்தொட்டியில் போடுங்கள்.