பாங்காக்கில் தனியாக ஐந்து நாள்: தானாக வந்து பேசுபவரிடம் கவனம்

கேள்வி: எனக்கு வயது 28. கோவையில் ஒரு ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலை. ஜூலையில் ஐந்து நாள் பாங்காக் போகிறேன், தனியாக. விமானம் அதிகாலை 4.30-க்கு சுவர்ணபூமியில் இறங்குகிறது. அம்மாவுக்கு ஒரே பயம். பெப்பர் ஸ்ப்ரே எடுத்துப் போகலாமா, எந்த ஏரியாவில் தங்கலாம், ராத்திரி எத்தனை மணி வரை வெளியே இருக்கலாம் என்று சொல்லுங்கள் மேடம். இன்னொரு விஷயம்: டெலிகிராமில் அறிமுகமான ஒரு கன்சல்டன்சிக்காரர், அங்கே டேட்டா என்ட்ரி வேலை இருக்கிறது, வந்த இடத்தில் ஒரு நாள் இன்டர்வியூவும் முடித்துவிடலாம், ஹோட்டலுக்கே வண்டி அனுப்புகிறோம் என்கிறார். போய்ப் பார்க்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே பதற்றம் தந்தது அது ஒன்றுதான். அந்த இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாமே என்றும் போகாதீர்கள்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் மனசு ஒப்பும். டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று சொல்லி ஆளை பாங்காக் வரை வரவழைப்பார்கள். வண்டி வரும். ஆபீஸ் கொஞ்சம் வெளியே இருக்கிறது என்பார்கள். அந்த வண்டி வடமேற்கே சுமார் 500 கிலோமீட்டர் ஓடி மே சோட் என்ற எல்லை ஊரில் போய் நிற்கும். அங்கே மோய் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மியான்மரின் மியாவாடி. அக்கரை போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். மதில் சுவருக்குள் அடைத்து, இணையத்தில் அடுத்தவரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையை அடித்துச் செய்ய வைப்பார்கள். 2022 செப்டம்பரிலேயே நம் வெளியுறவு அமைச்சகம் இந்தப் போலி வேலைகளைப் பற்றி எச்சரித்தது. அந்த வருடம் மீட்கப்பட்டு வந்தவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் மே சோட் வரை போய் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை அழைத்து வந்தன. ஏமாந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. கம்ப்யூட்டரும் ஆங்கிலமும் தெரிந்தவர்களாகப் பார்த்துத்தான் வலை வீசினார்கள்.

சட்டப்படியும் இது சரிவராது. சுற்றுலாப் பயணியாக நுழைந்தவர் தாய்லாந்தில் வேலை செய்யக் கூடாது. அதற்குத் தனி விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் இந்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த டெலிகிராம் உரையாடலை அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, சைபர் கிரைம் உதவி எண் 1930-இல் புகார் கொடுங்கள். நீங்கள் எந்த ஹோட்டல், என்றைக்கு வருகிறீர்கள் என்பதை அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தால், ஹோட்டலை மாற்றிவிடுங்கள்.

சரி, இனி ஊருக்குள் வருவோம்.

பாங்காக்கில் தனியாக நடக்கும் பெண்ணை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. காலை ஆறு மணிக்கு வண்டியில் இறைச்சி சுடுபவரும் பெண், இரவு பதினொன்றுக்கு ரயிலில் ஏறி வீட்டுக்குப் போகிறவரும் பெண். முறைப்பது, உரசுவது, பின்னாலேயே வருவது எல்லாம் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களைவிட அங்கே எனக்கு எவ்வளவோ குறைவாகவே நேர்ந்திருக்கிறது. அங்கே நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது சிரித்த முகத்தோடு தானாக வந்து பேசி, உங்கள் திட்டத்தை மாற்றப் பார்க்கிற ஆளிடம். நீங்களாகப் போய் வழி கேட்டால் கடைக்காரர், ரயில் நிலையக் காவலர், கல்லூரி மாணவி என்று யாரும் மனசாரச் சொல்வார்கள். யாரிடம் பேசுவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுத்தால் நல்லவர் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். எதிராளி உங்களைத் தேர்ந்தெடுத்தால் அப்படி இல்லை.

முதல்முறை போனபோது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாங்காக்கின் கிராண்ட் பேலஸ் அரண்மனையின் வெள்ளை மதில் ஓரமாக வாசலைத் தேடி நடந்துகொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ அடையாள அட்டை, ஐம்பது வயதிருக்கும் ஒருவர் வந்து, எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றதும் கைகூப்பினார். "இன்றைக்கு பௌத்தப் பண்டிகை, அரண்மனை மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கும்" என்றார். என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி, பால்பாயிண்ட் பேனாவால் மூன்று இடங்களில் வட்டம் போட்டார். இரண்டு கோயில், ஒரு "அரசாங்கக் கண்காட்சி". இன்று மட்டும் டுக்டுக்கில் (அந்த ஊர் ஆட்டோ) எல்லாம் சேர்த்து 20 பாட்தான் (பாட் தாய்லாந்துப் பணம்) என்றார். திரும்பினால் டுக்டுக் தயாராக நிற்கிறது. ஏறிவிட்டேன். முதல் கோயில் நிஜமாகவே அழகான கோயில். அங்கே இன்னொருவர் தற்செயலாகப் பேச்சுக்கொடுத்து, அந்தக் கண்காட்சியில் போன வாரம்தான் நீலக்கல் வாங்கியதாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இரண்டு பேர், இரண்டு இடம், ஒரே கடை. டுக்டுக்காரரிடம் 20 பாட்டைக் கொடுத்துவிட்டு பெரிய சாலைக்கு வந்து மீட்டர் டாக்ஸி பிடித்தேன். அரண்மனை வாசலுக்கு வந்தால், மக்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கடையில் மலிவான கல்லை, ஊரில் விற்றால் இரட்டிப்பு லாபம் என்று சொல்லித் தலையில் கட்டுவார்கள். டுக்டுக்காரருக்கு ஆளைக் கொண்டுவந்து விட்டதற்குக் கமிஷனோ பெட்ரோல் கூப்பனோ கிடைக்கும். கல்லுக்குப் பதில் தையல் கடையாகவும் இருக்கும். பல வருடங்களாக இதே கதைதான். வெளியாள் பேச்சை நம்பாதீர்கள் என்று அரண்மனை வாசலில் ஒலிபெருக்கியிலேயே அறிவிக்கிறார்கள். வழக்கமாகக் காலை 8.30-க்குத் திறந்து, பிற்பகல் 3.30-க்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட். அரச சடங்கு இருக்கும் நாளில் மூடுவதும் உண்டு. ஆனால் அதை டிக்கெட் கவுண்டரில் சொல்லட்டும், நடைபாதையில் நிற்பவர் சொல்ல வேண்டியதில்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சுடிதார் போதும்.

இப்படி யாராவது ஒட்டிக்கொண்டால் "மை ஆவ் கா" என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள். வேண்டாம் என்று அர்த்தம். "கா" பெண்கள் சேர்க்கும் மரியாதைச் சொல். நாம் வளர்ந்த வளர்ப்பில், பேசுகிறவருக்குப் பதில் சொல்லாமல் போவது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த தாட்சண்யத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

இனி நீங்கள் இறங்கும் நேரம். 4.30 என்றால் குடிநுழைவு வரிசை, பெட்டி எல்லாம் முடிய ஐந்தரை ஆகிவிடும். அவசரப்பட வேண்டாம், விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு காபி குடித்து விடியும் வரை உட்காருங்கள். வருகைத் தளத்தில் "டாக்ஸி, மேடம்?" என்று கேட்பவர் யாராக இருந்தாலும் வேண்டாம். கீழே முதல் தளத்தில் அரசு அனுமதி பெற்ற டாக்ஸி வரிசை இருக்கிறது. இயந்திரத்தில் ஒரு சீட்டு வரும், அதில் வண்டியின் விவரம் இருக்கும். அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாமல் ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புங்கள். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். மீட்டர் காட்டும் தொகையோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட், சுங்கச் சாலையில் போனால் அதுவும் உங்கள் செலவு. பெட்டி சின்னதாக இருந்தால் அடித்தளத்தில் ஓடும் விமான நிலைய ரயிலே மேல். நகருக்குள் இருக்கும் பயா தாய் நிலையம் வரை 45 பாட், அரை மணி நேரம். அங்கேயே பி.டி.எஸ். மேம்பால ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

இந்த ரயிலை மனதில் வைத்தே அறையைத் தேடுங்கள். ஏரியாவின் பெயரைவிட, நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையா என்பதுதான் முக்கியம். அந்த ஊரில் "சோய்" என்று சொல்லும் கிளைத் தெருக்கள் ஒரு கிலோமீட்டர் வரைகூட உள்ளே போகும். விலை குறைவு என்று சோயின் கடைசியில் அறை எடுத்தால், ராத்திரி அந்த நடைதான் உங்களைப் பயமுறுத்தும். பயா தாய், ஆரி, சிலோம் பக்கம் பாருங்கள். நானா நிலையத்தைச் சுற்றி விலை மலிவு, இந்திய உணவும் நிறைய. ஆனால் இருட்டிய பிறகு மதுக்கூடக் கூட்டம். ஆபத்து என்று சொல்லமாட்டேன், தனியாகத் தங்குபவருக்கு அலுப்பாக இருக்கும். சிலோம் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. கோபுரத்தைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிடும். உள்ளே தாய்லாந்துக்காரர்களே அதிகம், சாமந்தி மாலையும் தேங்காயும் ஏந்தி நிற்பார்கள். ஒரு மாலை அங்கே போய்விட்டு வாருங்கள்.

இரவு எத்தனை மணி வரை என்றால், ரயில் ஏறக்குறைய நள்ளிரவு வரை ஓடுகிறது. கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலில் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயிலைத் தவறவிட்டால் கிராப் அல்லது போல்ட் செயலியில் கார் கூப்பிட்டு, எண்ணைச் சரிபார்த்து ஏறுங்கள். பட்போங் என்ற இரவுக் கேளிக்கைத் தெருப் பக்கம் "மாடியில் ஷோ, இலவசம்" என்று கூப்பிட்டால் படியேறவே வேண்டாம். இறங்கும்போது பில்லை நீட்டி வழிமறிப்பார்கள். உங்கள் கண் முன்னால் திறக்காத பானத்தைக் குடிக்காதீர்கள், பாதி குடித்து வைத்துவிட்டுப் போன டம்ளரைத் திரும்பத் தொடாதீர்கள்.

பெப்பர் ஸ்ப்ரேயைக் கைப்பையில் வைத்து விமானம் ஏற முடியாது. அதை மறந்துவிடுங்கள். அதற்குப் பதிலாக நான் கேட்பது சாலையைப் பார்த்து நடப்பது. ஏனென்றால் பாங்காக்கில் நிஜமாக ரத்தம் சிந்த வைப்பது போக்குவரத்துதான். வண்டிகள் நம் ஊர்போலவே இடப்பக்கம் ஓடுகின்றன. அதனால் பழகிய தைரியம் வந்துவிடும். நடைபாதையிலேயே மோட்டார் சைக்கிள் பின்னால் வரும், காதில் இயர்போன் வேண்டாம். ஆரஞ்சு மேலங்கி போட்ட பைக் டாக்ஸியில் ஏறினால் ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள். நீங்களே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டுவதாக எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அங்கே செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு கை கொடுக்காது, தனியார் மருத்துவமனைச் செலவு லட்சங்களில் போகும். எந்த வாடகைக் கடையும் பாஸ்போர்ட்டை ஈடாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணத்தில் இரண்டே விஷயம். ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு முறைக்கும் பெரும்பாலும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிப்பார்கள், அதனால் ஒரேயடியாக எடுங்கள். திரையில் தொகையை ரூபாயிலேயே கணக்கிட்டுப் பிடிக்கட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், அந்த மாற்று விகிதம் நஷ்டம். அப்புறம், உங்கள் இந்திய சிம்மைக் கழற்றிவிடாதீர்கள். வங்கி ஓ.டி.பி. அதில்தான் வரும். ரோமிங்கை இங்கிருந்து கிளம்பும் முன்பே போட்டுவிட்டு, இணையத்துக்கு அங்கே இ-சிம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்து குடிநுழைவுத் துறையின் டிஜிட்டல் வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் போலி. வேப் (மின் சிகரெட்) கொண்டுபோகாதீர்கள், அங்கே தடை. அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூட எதுவும் பேசவோ பதிவிடவோ வேண்டாம், ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 வருடம் சிறை.

சுற்றுலாக் காவல்துறை 1155, ஆங்கிலத்தில் பேசலாம். ஆம்புலன்ஸ் 1669. இந்தியத் தூதரகம் சுகும்வித் சோய் 23-இல், அசோக் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் ரசீது வாங்கிக்கொண்டு அங்கே போங்கள்.

அம்மாவுக்கு ஒரு ஏற்பாடு. தினமும் அங்கே இரவு 9 மணி, இங்கே 7.30. அந்த நேரத்துக்கு ஒரு போன். இடையில் எடுக்கவில்லை என்றால் பதற வேண்டாம், ஆனால் 7.30 தாண்டி ஒரு மணி நேரம் ஆகியும் பேச்சில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதிக் கொடுங்கள்: ஹோட்டல் வரவேற்பு, அப்புறம் தூதரகம். 1155 இங்கிருந்து கிடைக்காது என்பதால் அந்த இரண்டு எண்களையும் நாட்டுக் குறியீடு 66-உடன் அவர் போனில் நீங்களே பதிந்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் ஹோட்டலுக்கு அவர் கையாலேயே ஒருமுறை போன் போட்டுப் பேசவையுங்கள். மறுமுனையில் ஒருவர் "சவாதீ கா" என்று வணக்கம் சொல்லி எடுப்பதை அவர் காதால் கேட்கட்டும்.